படிப்புத்தொகை என்று எழுதச் சொன்னவர்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோரே, அக்குறணையிலிருந்தும் ஹந்தானை மலையிலிருந்தும் இந்த மழையிலும் வந்து சேர்ந்திருக்கும் உறவுகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

எங்கள் கல்வி நிதியத்தின் செயலாளராக இருந்து மறைந்த மர்ஹூமா றமீலா டீச்சரைப் புகழ எனக்கு ஆசைதான். அதற்கு முன், நிதியத்தின் தலைவராகிய நான் செய்த பிழையொன்றைச் சொல்ல வேண்டும்.

பத்து ஆண்டுகளுக்கு முன், ‘வறிய மாணவர் உதவி’ என்று தலைப்பிட்டு, பெயர்ப்பட்டியலைப் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டியவன் நான். முதற்பெயர் ஜெயராணி. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, தரம் பத்து. மறுநாளிலிருந்து அவர் பாடசாலைக்கு வரவில்லை. எங்களில் யார் தேடிப் போனோம்? டீச்சர் போனார். முழங்கால் வலியோடு தோட்டத் தொழிலாளர் லயத்துக்கு ஏறிப் போனார்.

“காசு வேணாங்க டீச்சர்,” என்றிருக்கிறார் தாய் பரிமளம். “கூடப் படிக்கிறதுங்க வறிய மாணவின்னே கூப்பிடுதுங்களாம். புள்ள கொழுந்து பறிக்கப் போறேங்குது.”

டீச்சர் உடனே கூட்டம் கூட்டினார். பணம் போய்ச் சேர்ந்தால் போதாதா, சொல்லுக்கு ஏன் இத்தனை பாடு என்று நான் வாதாடினேன்.

“மோகன் அண்ணன், உங்கட மகள்ட பேருக்கு மேல அப்படி எழுதி ஒட்டுவீங்களா?”

“அப்ப புலமைப்பரிசில்னு போடுவோம்,” என்றேன்.

“அது கூடுதல் புள்ளி எடுக்கிறவங்களுக்கு. கணக்குல தடுமாறுற புள்ள எங்க போற? படிப்புத்தொகைன்னு எழுதுங்க. படிக்கிறதுக்கான தொகை. அவ்வளவுதான்.”

விண்ணப்பத்தில் அந்தச் சொல் ஏறியது. பலகையிலிருந்து பட்டியல் இறங்கியது. டீச்சர் மறுபடியும் மலையேறி, புதிய விண்ணப்பத்தைப் பரிமளத்துக்கு வாசித்துக் காட்டினார். ஜெயராணி வகுப்புக்குத் திரும்பினார். இன்று அவர் ஆஸ்பத்திரியில் தாதி. எங்கள் குழுவிலும் ஒருவர்.

போன கிழமை, டீச்சரின் ஜனாஸா நல்லடக்கம் முடிந்து திரும்பும் வழியில், பட்டியலை ஒட்டியவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.

“நீங்களா சேர்?” என்று நின்றுவிட்டார். “பட்டியல ஒட்டினது நான்தான்னு சொல்லி டீச்சர் எங்கம்மாக்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்களே.”

சபையோரே, பத்து ஆண்டுகள் என்னோடு ஒரே மேசையில் இருந்தவர், ஒரு வார்த்தை சொன்னாரா? ஒரு பார்வையிலாவது காட்டினாரா? இதற்கு எந்தச் சொல்லால் நன்றி சொல்வேன்?

திகனையிலிருந்து வந்த மூன்று விண்ணப்பங்கள் டீச்சர் நோயுற்றதால் காத்திருக்கின்றன. நாளைக் காலை ஜெயராணியும் நானும் அந்த மூன்று வீடுகளுக்கும் போகிறோம்.