கர்னல் ஹோல்கம் சிலைக்கு நாம் பாடலாமா?

அவைக்குத் தலைமை தாங்கும் போதகர் ஐயா அவர்களே, பருத்திக் காட்டில் பாதி ஆயுளைப் பறிகொடுத்த பெரியோர்களே, பசியைப் பாட்டால் மறைத்துப் பிள்ளை வளர்த்த தாய்மார்களே, பாடகர் குழுவின் தம்பி தங்கைகளே, வணக்கம்.

நாளை ரயில் நிலையத்தில் கர்னல் அகஸ்டஸ் ஹோல்கமுக்குச் சிலை திறக்கிறார்கள். அங்கே நம் ஆலயப் பாடகர் குழு பாட வேண்டுமாம். பாடலாமா, கூடாதா? அதைத் தீர்மானிக்கத்தான் கூடியிருக்கிறோம்.

யார் இந்தக் கர்னல்? நம் தந்தையரை விலைக்கு வாங்கிப் பருத்தி விளைவித்த பண்ணையார். அடிமைத்தனம் ஒழிந்ததும் ஓய்ந்தாரா? நம் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். கைதிகளைக் குத்தகைக்கு விடலாம் என்ற சட்டத்துக்குக் கை தூக்கினார். பிறகு ரயில் கம்பெனிக்குத் தலைவராகி, தூக்கிய கையாலேயே கைதிகளைக் குத்தகைக்கு எடுத்தார். பன்றிக்குட்டி திருடியவனும், வேலையின்றித் தெருவில் நின்றவனும் ஒரே சங்கிலியில் தண்டவாளம் போட்டார்கள்.

தண்டவாளம் நகர்த்தும் வேலை நீங்கள் அறியாததா? சங்கிலிக்கு வெளியே ஒருவர் நின்று பாடுவார். அந்தப் பாட்டுக்குத்தான் கடப்பாரைகள் நெம்பும். வண்டி வந்தால் அவர் ராகத்தை மாற்றுவார். எல்லோரும் ஒன்றாக விலகுவார்கள். அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாரே ஜோசயா அண்ணன், அவர்தான் அன்றைய பாட்டுக்காரர். அவர் தம்பி ஏமோஸ் சங்கிலியில் இருந்தான்.

பாதைத் திறப்பு நாளன்று, முதல் பயணிகள் வண்டியில் ஆளுநரோடு கர்னல் வந்தார். விருந்தாளிகள் காதில் கைதிகளின் பாட்டு விழக்கூடாது என்பது அவர் உத்தரவு. காவலன் துப்பாக்கியை அண்ணன் நெஞ்சில் வைத்தான்.

“வாயத் தொறந்த, சுட்டுருவேன். இன்னிக்கு மூச்சு விடக்கூடாது.”

வளைவில் புகை தெரிந்தது. அண்ணன் துப்பாக்கியைத் தள்ளிவிட்டுக் கத்தினார்: “ஏமோஸு, வண்டிடா, விலகு!”

ஒருவரும் நிமிரவில்லை. ஏன் நிமிரவில்லை? அந்த வேலையில் கத்துகிறவர்கள் காவலர்கள் மட்டுமே. கத்தலைக் காதில் வாங்காமல் குனிந்து உழைத்துத்தான் அவர்கள் பொழுதை ஓட்டினார்கள். அண்ணன் ராகத்தை எடுத்தபோது வண்டி வந்துவிட்டது. ஏமோஸ் மட்டும் வெளியே தாவினான். சங்கிலி அவனைத் திரும்ப இழுத்துக்கொண்டது.

வண்டி நின்றது. கர்னல் இறங்கினாரா? இல்லை ஐயா, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“பாதையச் சுத்தம் பண்ணுங்கப்பா. கவர்னருக்குச் சாப்பாட்டு நேரமாச்சு.”

பின்னாலிருந்து ஒருவர் கேட்கிறார், “பாடலைன்னா நம்மள ஊர்ல விட்டு வைப்பானுங்களா?” என்று. நியாயமான கேள்வி, சகோதரரே. விட்டு வைக்க மாட்டார்கள் என்றுதான் நானும் அஞ்சுகிறேன். ஆனால் பாடிவிட்டு வந்து அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்? அன்று முதல் இன்றுவரை இந்த ஆலயத்தில்கூட அவர் பாடியதில்லையே!

ஆகவே போவோம். அஞ்சியபடியே போவோம், அத்தனை பேரும் போவோம். நல்ல உடுப்பு உடுத்தி வரிசையாக நிற்போம். பாடச் சொல்லிக் கையசைப்பார்கள். நாம் வாய் திறக்க மாட்டோம். அன்று கர்னல் கேட்ட அமைதிதானே? சிலையாக நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

பொறுமையோடு செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. ஜோசயா அண்ணா, உங்களை வணங்கி அமர்கிறேன்.