எட்டாம் வேனின் பதிவுகளை எடுத்து வைத்தது குறித்து

பெயர்: சுமையா. வயது: 27. தந்தை பெயர்: சையத் இப்ராஹிம். தொழில்: கணினிப் பொறியாளர். முகவரி: ஒண்டிக்கடை, ஏற்காடு, சேலம் மாவட்டம். 02.07.2025 காலை 11.20 மணிக்கு, சேலத்தில் நீதித்துறை நடுவர் அவர்கள் முன்பாகச் சொன்னது.

நான் மேற்கண்ட முகவரியில் என் அத்தா சையத் இப்ராஹிமுடன் வசித்து வருகிறேன். கீழே அத்தாவின் மிளகு, காப்பித்தூள் கடை. மாடி அறையில் என் வேலை. இந்த வாக்குமூலம் கொடுத்தே தீர வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்றும், கொடுத்தால் அது எனக்கே எதிராகத் திரும்பலாம் என்றும் நடுவர் அவர்கள் இரண்டு முறை சொன்னார். விளங்கியது. யாரும் என்னை மிரட்டி இங்கே அனுப்பவில்லை. மிரட்டியவர்கள் எல்லாம் போகாதே என்றுதான் மிரட்டினார்கள்.

நான் பயந்த சுபாவம் உள்ளவள். மலைப்பாதையில் பஸ் திரும்பினால் இந்த வயதிலும் கண்ணை மூடிக்கொள்கிறேன். நான் செய்ததைத் துணிச்சல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

சேலத்தில் சுற்றுலா வேன் கம்பெனி நடத்தும் பொன்னுவேல் என்பவரிடம் மூன்று வருடமாக வேலை பார்த்தேன். அவருடைய வேன்களில் ஒரு சிறிய கருவி பொருத்தியிருக்கும். வண்டி எங்கே போகிறது, பிரேக் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது அனுப்பும். பிரேக் ஆயில் குறைந்தால் வேனுக்குள் 'பீப் பீப்' என்று சத்தமும் போடும். அனுப்பியதெல்லாம் கிளவுடில், அதாவது வேறு ஊரில் இருக்கும் பெரிய கணினிகளில் வாடகைக்கு எடுத்த இடத்தில், ஒரு டேட்டாபேஸில் சேரும். அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

மே மாதம் 9ஆம் தேதி முதல் எட்டாம் நம்பர் வேனிலிருந்து பிரேக் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. நான் பொன்னுவேலுக்குப் போன் செய்து சொன்னேன். 12ஆம் தேதி மாலை அவரே கூப்பிட்டு, "ஏனுங்க சுமையா, சத்தம் கேட்டு டூரிஸ்டெல்லாம் பயப்படறாங்களாமா. அத ஆஃப் பண்ணி உடுங்க. சீசன் முடியட்டும், வண்டிய ரிப்பேர் செட்டுக்கு உட்டுக்கலாம்" என்றார். நான் ஆஃப் செய்தேன். மறுநாள் அந்த வேனின் டிரைவர், மாரமங்கலத்தைச் சேர்ந்த மாதப்பன் எனக்குப் போன் செய்தார். "சத்தம் நின்னுருச்சு கண்ணு. ராத்திரி செட்டுல சரி பண்ணீட்டாங்களாட்ட இருக்குது. நீதான் மேல சொன்னயாமா, நொம்ப சந்தோசம்" என்றார். நான் சரிங்கண்ணா என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் இருந்தது, சொல்லவில்லை.

அதன் பிறகு 18ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அந்த வேன் மலையிலிருந்து கீழே இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுச் சுவரில் மோதி, வேனில் வந்த ஒரு அம்மா இறந்துபோனார். மாதப்பண்ணனுக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. வேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டியதாக அவர் மேல் வழக்குப் பதிவானது. ஜூன் 2ஆம் தேதி அவர் மனைவி கண்ணம்மாள் கடைக்கு வந்தார். "குடிச்சுப்போட்டு ஓட்டுனாருன்னு ஊரே பேசுது சாமி. சத்தம் நின்ன பொறவு வண்டி சரியாயிருச்சுன்னு நம்பித்தான் ஓட்டுனேங்கறாரு, ஒருத்தரும் கேக்க மாட்டீங்கறாங்க. உங்க கம்ப்யூட்டர்ல அப்பிடி ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டார். தெரியலீங்கக்கா என்றேன். அது பொய். அத்தா கொடுத்த டீயை அவர் குடிக்காமலே போய்விட்டார்.

அதன் பிறகு 3ஆம் தேதி காலை எட்டு மணிக்குப் பொன்னுவேல் போன் செய்து, கருவி வேலையையே நிறுத்தப்போவதாகவும், "கிளவுடுல இருக்கறது மொத்தத்தையும் எடுத்துருங்க. பதினோரு மணிக்கு நானே வந்து பக்கத்துல உக்காந்து பாக்கறேன்" என்றும் சொன்னார்.

இப்படி அழிக்கும் வேலைக்கு எங்களிடம் ஒரு மென்பொருள் உண்டு. நாம் கிளவுடில் கட்டியதையெல்லாம் அது ஒரு பட்டியலில் வைத்திருக்கும். ஒரே கட்டளை கொடுத்தால் பட்டியலில் உள்ள அத்தனையையும் இடித்துத் தள்ளிவிடும். பட்டியலில் இருந்து ஒரு பெயரை முன்கூட்டியே நீக்கிவிட்டால், அப்படி ஒன்று இருப்பதையே அது மறந்துவிடும். நான் ஒன்பதரை மணிக்கு டேட்டாபேஸின் பெயரைப் பட்டியலில் இருந்து நீக்கினேன், அதன் பிறகு யாரும் அழிக்க முடியாதபடி அதற்குப் பூட்டுப் போட்டேன், அதன் பிறகு பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

பொன்னுவேல் வந்து என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் கட்டளை கொடுத்தேன். ஒவ்வொன்றாக அழிந்துகொண்டே வந்தது. கடைசியில் நான் யோசிக்காத ஒன்று நடந்தது. டேட்டாபேஸைச் சுற்றிப் போட்டிருந்த நெட்வொர்க்கை அழிக்க முடியவில்லை, உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது என்று திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது. நல்லவேளை ஆங்கிலத்தில் வந்தது. "அதென்னுங்க செவப்பா?" என்று கேட்டார். அது வெறும் வேலிங்க, தானா போயிரும் என்றேன். அவர் திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். "உங்க நல்லதுக்குத்தாஞ் சொல்றேன். அதுல யாரு பேரு இருக்குதுன்னு உங்களுக்கே தெரியுமுங்களே" என்று சொல்லிவிட்டு, கடையில் கால் கிலோ மிளகு வாங்கிக்கொண்டு போனார்.

அதன் பிறகு 5ஆம் தேதி, கிளவுடில் இன்னும் ஒன்று ஓடிக்கொண்டிருப்பதாக அவருக்குக் கிளவுட் கம்பெனியிலிருந்து மெயில் போயிருக்கிறது. போனில் கத்தினார். "நீங்க எடுத்துருங்கன்னு சொன்னீங்க, எடுத்து வெச்சிருக்கேனுங்க" என்றேன். என் வாயா அப்படிப் பேசியது என்று எனக்கே திகைப்பாக இருந்தது. அன்றே என் மேல் தகவல் திருட்டு என்று புகார் கொடுத்தார். அதன் பிறகு தினமும் இரண்டு பேர் கடைக்கு எதிரில் பைக்கை நிறுத்திக்கொண்டு மாடியையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அத்தா ஒரு வாரம் கடையைத் திறக்கவில்லை. ஜூன் 20ஆம் தேதி டேட்டாபேஸின் முழுப் பிரதியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன்.

'எடுத்துருங்க' என்றால் நான் என்ன புரிந்துகொண்டேன் என்று நடுவர் அவர்கள் கேட்டார். எடுத்து வைக்கச் சொன்னதாக நினைத்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று என் வக்கீலே சொன்னார். அவர் அழிக்கத்தான் சொன்னார், எனக்கும் அப்படித்தான் விளங்கியது.

அந்த டேட்டாபேஸில் ஒரு வரி இருக்கிறது. 12.05.2025, மாலை 4.37, எட்டாம் வேன், பிரேக் எச்சரிக்கைச் சத்தம் நிறுத்தப்பட்டது, நிறுத்தியவர்: சுமையா. பொன்னுவேலின் பெயர் எங்கேயும் இல்லை, அவர் வாயால்தான் சொன்னார். அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டுக் கொடுத்திருக்க முடியுமா என்று கேட்கப்பட்டது. முடியும். அரை நிமிட வேலை. இரண்டு நாள் அந்த வரிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அது போய்விட்டால் சத்தம் ஏன் நின்றது என்பதற்குச் சாட்சியே கிடையாது, மாதப்பண்ணன் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். ஜெயிலை நினைத்தால் எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. வரி அப்படியே இருக்கிறது.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. முதல் கையெழுத்து முழுதாக விழவில்லை. கீழே மறுபடியும் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்) சுமை
(ஒப்பம்) சுமையா