ஏறிடுச்சு, வாண்ணா

கேசட்டிலிருந்து ஒரு கேம் கம்ப்யூட்டரில் ஏறி முடிவதற்குள் ஒரு பக்கெட் துணியைத் துவைத்துக் காயப் போட்டுவிட்டே வந்துவிடலாம் என்பாள் என் அம்மா. மிகைப்படுத்தவில்லை, மேடம். அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர்கள் அப்படித்தான். டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டு, ஒயரைச் செருகி, பட்டனை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கிறீச்சல் கேட்கும். டிவியின் நாலு ஓரத்திலும் கலர் கலராகக் கோடுகள் பறக்கும். பாதி நாள் கடைசி நிமிஷத்தில் புட்டுக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பொறுமை எங்கே என்று தலை நரைத்தவர்கள் எல்லாம் இப்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பொறுமையாவது, மண்ணாங்கட்டியாவது. எங்களுக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர் அப்பா. கப்பலில் ரேடியோ ஆபரேட்டர். ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி, சட்டைகளுக்கு நடுவில் சுற்றி எடுத்து வந்தார். ரப்பர் பட்டன் வைத்த, டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அண்ணனுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார். எனக்கு ஒரு குடை வாங்கி வந்திருந்தார். குடையைப் பற்றி எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. நல்ல குடை.

முதல் நாளே அண்ணன் டிவியில் மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டான். கோடுகள் பறக்க ஆரம்பித்ததும் அவன் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியது. அப்புறம் தரையில் விழுந்தான், கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்து அப்பா மெயினை அணைக்க ஓடினார். டாக்டர்தான் விஷயத்தைச் சொன்னார். அவனுக்கு உள்ளே வலிப்பு இருந்திருக்கிறது. வெளிச்சம் வேகமாக மினுங்கினால் அது கிளம்பிவிடும். தூக்கம் கெட்டால் இன்னும் சுலபமாக வரும். மாத்திரையை மட்டும் எந்தக் காலத்திலும் விடக் கூடாது.

அம்மா பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போடப் போனாள். அண்ணன் அழுது ஊரைக் கூட்டிவிட்டான். கடைசியில் வீட்டில் ஒரு ஏற்பாடு வந்தது. கேம் ஏறும்போது அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, அப்பாவின் குளியல் துண்டைத் தலையோடு போர்த்திக்கொள்வான். ஒயர், கேசட், சத்தம் எல்லாம் என் பொறுப்பு. கோடுகள் நின்றதும் நான் குரல் கொடுப்பேன்: "ஏறிடுச்சு, வாண்ணா." அதற்குப் பிறகுதான் துண்டை எடுப்பான். நான் சொல்லாமல் ஒருநாளும் எடுத்ததில்லை. அந்த அளவுக்கு என்னை நம்பினான்.

அப்படியும் ஒரு சிக்கல் இருந்தது. கடையில் கிடைத்த கேம்களில் எல்லாம் நாம் செத்தால் திரை பளிச் பளிச்சென்று வெடிக்கும். அவன் சாகப்போகிற நேரம் பார்த்து நான் பின்னாலிருந்து அவன் கண்ணைப் பொத்துவேன். "உன்னாலதான்டி தோத்தேன்" என்று என் கையில் அடிப்பான். அடி வாங்கிச் சலித்துப்போய்த்தான், அவனுக்காக நானே ஒரு கேம் எழுத உட்கார்ந்தேன்.

பெட்டியோடு வந்த புத்தகத்தைப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஒரு கிணறு. அதற்குள் ஒரு விளக்கு இறங்கும். கல் விழும், தண்ணீர் ஏறும். விளக்கு அணைந்தால் கேம் முடிந்தது. ஆனால் பளிச்சென்று அணையாது. அடியிலிருந்து ஒவ்வொரு வரியாக மெல்ல இருட்டிக்கொண்டு மேலே வரும். அண்ணனுக்கு ஒத்துக்கொள்கிற ஒரே சாவு அதுதான். அவன் தோற்றுப்போய், ஒன்றும் ஆகாமல், திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். என் வாழ்க்கையில் நான் பட்ட பெரிய சந்தோஷம் எது என்று கேட்டால் இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஒரு பத்திரிகை, கேம் எழுதுகிறவர்களுக்குப் போட்டி வைத்தது. கேசட்டைப் பார்சல் கட்டியவள் அம்மா. "அவன் பேர்லயே அனுப்புறேன்டி. அவன் வெளிய போய்ப் பொழைக்க வேண்டியவன். உனக்கு என்ன, நீ வீட்டுப் பொண்ணு" என்றாள். அண்ணன் பக்கத்தில்தான் இருந்தான். என்னைப் பார்த்தான், கேசட்டைப் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை.

'கிணறு' முதல் பரிசு வாங்கியது. அந்தப் பரிசைக் காட்டிக் கல்லூரியில் இடம் வாங்கினான். கல்லூரியைக் காட்டி வேலை. பிறகு சொந்தக் கம்பெனி. நான் லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தேன். கரண்ட் போனால் லிஃப்ட் பக்கத்து மாடியில் நின்று கதவைத் திறக்க வேண்டும், இல்லையா? அந்த மாதிரி வேலைகளுக்குப் புரோகிராம் எழுதுகிறேன். நிறுத்துவதற்கு ஒரு வழி வைக்காமல் நான் எதையும் எழுதியதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இத்தனை வருஷமும் எனக்குக் கோபம் வந்ததில்லை. வீட்டுக்குள் நடந்தது வீட்டுக்குள் இருந்தது. இப்போதுதான் திடீரென்று எல்லோருக்கும் பழைய கம்ப்யூட்டர் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பரணில் கிடந்த பெட்டிகளைத் துடைத்து ஹாலில் வைக்கிறார்கள். காசு போட்டு விளையாடுகிற ஆளுயர மெஷின்களைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். 'கிணறு' எழுதிய மேதை என்று என் அண்ணனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

அவன் கொடுத்த ஒரு பேட்டியை ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் போனில் பார்த்தேன். விளக்கு ஏன் அவ்வளவு மெதுவாக அணைகிறது என்று கேட்டார்கள். அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டு சொல்கிறான்: "சாவுங்கிறது மெதுவா வரணும்னு அந்த வயசுலயே எனக்குத் தோணிடுச்சு." பேட்டி எடுத்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. பளிச் பளிச்சென்று மின்னுகிற கேம்கள் உடம்புக்கு ஆகாது என்கிறார்களே என்று அடுத்த கேள்வி. "எனக்கு அந்த மாதிரி எந்தத் தொந்தரவும் கிடையாது. ராத்திரி பகல் பாக்காம ஆடுவேன்" என்றான். வீட்டில் யாராவது உதவினார்களா? "தங்கச்சி கேசட்டைத் திருப்பிப் போடுவா. பாவம், அவளுக்கு இதுல எல்லாம் இஷ்டம் கிடையாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்துவிட்டேன். திருடினான் என்பதல்ல, மேடம். திருட்டை எப்போதோ விட்டுக்கொடுத்துவிட்டேன். ஏன் எழுதினேன் என்கிற காரணத்தையே அழித்துவிட்டான் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. துண்டு இல்லை, சுவர் இல்லை, கண்ணைப் பொத்திய கை இல்லை. அவனுக்கு வியாதியே இல்லை என்றால் அந்தக் கேமுக்கு அம்மாவும் கிடையாது, அப்பாவும் கிடையாது.

போன் பண்ணிக் கேட்டேன். "எனக்கு இஷ்டம் கிடையாதாண்ணா?"

சிரித்தான். "ஐயோ குட்டி, பேட்டின்னா நாலு வார்த்தை அப்படி இப்படி வரத்தான் செய்யும். விடு. நேர்ல வர்றப்ப ஒண்ணு பண்றேன் பாரு."

என்ன பண்ணுவான் என்று எனக்குத் தெரியும். ஒரு சேலை வாங்கி வருவான்.

அந்த வாரமே, பழைய கம்ப்யூட்டர்களுக்குக் கண்காட்சி நடத்துகிற ஒருவர் என்னைத் தேடி வந்தார். அசல் பெட்டியும் அசல் கேசட்டும் என் அலமாரியில் இருப்பதாக அண்ணன் சொல்லியிருக்கிறான். கண்காட்சியின் முதல் நாள், ஒரு இருட்டு ஹாலில், சுவர் அளவுக்குப் பெரிய திரையில், அண்ணனே உட்கார்ந்து 'கிணறு' ஆடப்போகிறான். நான் பெட்டியைத் தயார் பண்ணிக் கொடுக்க வேண்டும். சரி என்றேன். என் கை பட்டால்தான் அது ஓடும்.

ஊருக்கு வருவதைச் சொல்ல அண்ணி கூப்பிட்டாள். பேச்சோடு பேச்சாக, "உங்கண்ணன் மாத்திரையை நிறுத்திட்டாருடி. முகம் உப்புது, கேமராவுல நல்லா இல்லைங்கிறாரு. நீயாவது சொல்லேன்" என்றாள். சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று உங்களிடம் காது குத்த மாட்டேன். மறக்கவில்லை.

என் யோசனை நியாயமானது. கேளுங்கள். எந்தத் தொந்தரவும் இல்லை என்று உலகத்துக்கே சொன்னவன் அவன். அது உண்மை என்றால் எந்த வெளிச்சமும் அவனை ஒன்றும் செய்யாது. பொய் என்றால், அந்தக் கேம் ஏன் அப்படி இருக்கிறது, யார் எழுதினார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நான் கேட்டது ஒரு பதில். அவன் வாய் சொல்லாததை அவன் உடம்பு சொல்லட்டும் என்று நினைத்தேன்.

விளக்கு அணைகிற இடத்தை மாற்றி எழுதினேன். வரி வரியாக இருட்டுவதை எடுத்துவிட்டு, திரை முழுக்கச் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி மின்னும்படி வைத்தேன். முதலில் கொஞ்ச நேரத்தில் தானே நின்றுவிடுகிற மாதிரிதான் எழுதினேன். வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது சப்பென்று இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில், பெட்டியில் எந்தப் பட்டனை அழுத்தினாலும் நிற்கும்படி செய்தேன். சொன்னேனே, நிறுத்த வழி வைக்காமல் நான் எழுதுவதில்லை. கண்காட்சி எலக்ட்ரீஷியன் கேசட்டை ஓட்டிப் பார்த்து உங்களிடம் சொன்னதெல்லாம் சரிதான். கெட்டிக்காரர்.

அன்றைக்கு ஹால் நிரம்பி வழிந்தது. ஓரம் முழுக்க ஆளுயர மெஷின்கள். தொப்பை வைத்த பெரிய மனிதர்கள் எல்லாம் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு குழந்தைகள் மாதிரி சண்டை போட்டார்கள். முன்னால் திரையை ஒட்டி மேஜை, மேஜையில் என் பெட்டி, எதிரில் இரண்டு நாற்காலிகள். ஒன்று போதுமே என்றேன். இரண்டு வேண்டுமென்று சார் சொன்னார் என்றார் கண்காட்சிக்காரர். பெரிய மனுஷனுக்கு எல்லாமே இரண்டு வேண்டும்.

அண்ணன் விமான நிலையத்திலிருந்து நேராக வந்தான். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். தோல்பையோடு வந்தவன் ஹாலுக்குள் நுழையாமல் வாசலிலேயே நின்று, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைக் கூப்பிட்டுக் காதோடு கேட்டான்: "ஏத்திட்டியா குட்டி? அந்தக் கோடு எல்லாம் முடிஞ்சுதா?"

ஆக, அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. ஞாபகம் இருந்துமா அப்படிப் பேசினான்?

"ஏறிடுச்சு, வாண்ணா" என்றேன்.

வந்து உட்கார்ந்தான். ஜாய்ஸ்டிக் அவன் கையில். மேஜை ஓரத்தில் ஒரு ஸ்டூலில் நான்; பெட்டி என் பக்கம், அதன் பட்டன்கள் கைக்கெட்டுகிற தூரத்தில். மைக்கை வாங்கி, "ஆடி முடிச்சதும் உங்களுக்கெல்லாம் ஒரு விஷயம் சொல்லணும். ரொம்ப நாளாச் சொல்லாம விட்டது" என்றான். கை தட்டினார்கள். அண்ணி முன்வரிசையிலிருந்து என்னைப் பார்த்து எதற்கோ சிரித்தாள்.

அவன் ஆட்டம் எப்போதுமே சுமார்தான். முதல் கல்லைத் தாண்டினான். இரண்டாவது கல் வலது பக்கத்திலிருந்து விழும். எழுதியவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியவில்லை. விளக்கு அணைந்தது.

சிவப்பும் வெள்ளையும் ஹால் முழுக்க அடித்தது. ஜனங்கள் "ஓ" என்று உற்சாகமாகக் கத்தினார்கள். அண்ணன் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியது, அன்றைக்கு மாதிரியே. நாற்காலியோடு சாய்ந்து விழுந்தான். பக்கத்து மெஷினின் இரும்பு முனையில் தலை மோதியது. கூட்டத்துக்கு அது தெரியவில்லை. நடிக்கிறான் என்று சிரித்தார்கள். நன்றாகச் சிரித்தார்கள். அண்ணிதான் முதலில் அலறினாள். எலக்ட்ரீஷியன் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கும் வரை வெளிச்சம் நிற்கவில்லை. ஆம்புலன்ஸிலேயே போய்விட்டான் என்றார்கள்.

ஒரு பட்டனைத் தட்டியிருக்கலாமே என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். தட்டியிருக்கலாம். என் கை மடியில் இருந்தது. கை கால் ஓடவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், ஆனால் அப்படி இல்லை. யாராவது திரும்பி என்னிடம், இது ஏன் இப்படி ஆகிறது, உனக்குத் தெரியுமா என்று கேட்பார்கள் என்று காத்திருந்தேன். தெரியும், இது என்னுடைய கேம் என்று சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேட்கவில்லை. நான்தான் கொன்றேன். எங்கே கையெழுத்து வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். இதையாவது என் பேரில் போடுங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். அண்ணி சொன்னது தப்பு. ஆடி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, இதை எழுதியவள் இவள்தான் என்று சொல்லப்போவதாக அவன் விமானத்தில் அவளிடம் சொன்னானாம். புருஷனைப் பறிகொடுத்தவள், என்னென்னவோ சொல்வாள். அவனை அவளைவிட எனக்கு அதிகம் தெரியும். அந்த இரண்டாவது நாற்காலி அவன் பை வைக்கப் போட்டது. பை தரையில்தானே இருந்தது என்கிறார் எலக்ட்ரீஷியன். ஆமாம், தரையில்தான் இருந்தது, நானும் பார்த்தேன். அப்புறமாக எடுத்து நாற்காலியில் வைக்கலாம் என்று இருந்திருப்பான்.