தம்பித்துரையரின் முதல் துவக்கு

— உந்தப் படங்களை எவ்வளவு நேரம் பாத்தாலும் எனக்கு மூண்டும் ஒரே துவக்கு மாதிரித்தான் கிடக்கு, தம்பித்துரை அண்ணை.

— தெரியாத கண்ணுக்கு அப்பிடித்தான், அன்ரன். முதலாவது புதுசு, மரப் பிடி. ரெண்டாவது பிளாஸ்ரிக் பிடி, விலையும் பாதி. மூண்டாவது எங்கடை சுடுற கழகத்திலை செத்துப்போன ஒராளின்ரை. அவரின்ரை மனிசி அலுமாரிக்கு இடம் வேணுமெண்டு விக்கிறா. மூண்டிலையும் விசையை ஒருக்கா இழுத்தா ஒரு வெடி. அடுத்த சன்னம் தானா ஏறும்.

— நீங்கள் எதை வாங்கிற யோசனை?

— முதல் துவக்கெண்டா சின்னச் சன்னம், உதைப்புக் குறைவு. நாங்கள் ஒருகாலத்திலை தூக்கின சாமானுகளோடை பாக்கேக்கை இது விளையாட்டுச் சாமான்.

— எங்கை தூக்கினனியள்?

— ஸ்டுட்கார்ட் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்.

— அவைக்குச் சொன்னதே நீங்கள்தானே.

— விசர்க்கதை கதையாதை. நாளைக்குக் காலமை ஒன்பதரைக்குத் துவக்கு அனுமதி குடுக்கிற கந்தோரிலை வரச்சொல்லி ரேர்மின். எந்தத் துவக்கெண்டு எழுதிக் குடுக்கவேணும். ஜேர்மன் எழுதத்தான் உன்னைக் கூப்பிட்டனான், புத்தி கேக்க இல்லை.

— அப்ப எழுதாமல் விடுவம். ஒரு வருசம் கழகத்துத் துவக்காலை சுட்டனியள்தானே, இன்னும் ஒரு வருசம் சுடுங்கோ.

— மைஸ்ரர் விடார். தொழிற்சாலையிலை எனக்கு மேலை அவர், சுடுற கழகத்துக்குத் தலைவரும் அவர். போன வெள்ளி எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டார், சொந்தத் துவக்கு இல்லாதவன் கழகத்திலை விருந்தாளி எண்டு. எங்கடை பகுதிப் பொறுப்பாளர் மார்கழியோடை ஓய்வெடுக்கிறார். பதினெட்டு வருசம் அந்த மிசினுக்குப் பக்கத்திலை நிண்டவன் நான். விருந்தாளிக்கு ஆர் பொறுப்புக் குடுப்பினம்?

— போன வருசம் உலகக்கோப்பைக்கு பல்கனியிலை மூண்டு ஜேர்மன் கொடி கட்டினதும் அந்தப் பொறுப்புக்குத்தானே.

— நாலு.

— வீட்டிலை அன்னப்பிள்ளை அக்கா என்ன சொல்லுறா?

— சட்டப்படி துவக்கைப் பூட்டி வைக்கவேண்டிய இரும்புப் பெட்டியை வாங்கிப் படுக்கையறையிலை வைச்சன். அவ மகளின்ரை அறைக்குப் படுக்கப் போயிட்டா. பெட்டி சும்மா கிடக்கெண்டு தன்ரை கூறைச்சீலையை மட்டும் உள்ளுக்கு வைச்சவ.

— அண்ணை, ஒளிக்காமல் சொல்லுங்கோ. சுடேக்கை உங்களுக்கு எப்பிடி இருக்கு?

— கண்ணை மூடுவன்.

— எப்ப?

— ஒவ்வொரு வெடிக்கும். மைஸ்ரர் அதை எங்கடை நாட்டுத் தியானமாக்கும் எண்டு நினைச்சு, மற்றவையையும் செய்து பாக்கச் சொன்னவர்.

— அப்ப ஊரிலை துவக்குத் தூக்கினது?

— ஊரிலை எனக்குச் சைக்கிள் கடையெண்டு தெரிஞ்சுகொண்டு கேக்கிறாய். ரியூப் வெடிச்சாலே நெஞ்சிடிக்கும். ஒருநாள் ஆமி ஜீப் சத்தம் கேட்டு ஓடத் தொடங்கினவன் கிழக்கு பேர்லினிலைதான் நிண்டனான். போதுமே? வெளியிலை மூச்சு விட்டியோ, உன்னோடை கதை இல்லை.

— விடமாட்டன். ஆனா அண்ணை, உதைக் கைவிடுங்கோ. முதுகு நோ எண்டு சொல்லுங்கோ. மனிசி விடேல்லை எண்டு சொல்லுங்கோ. அந்த விண்ணப்பம் மட்டும் கந்தோருக்குப் போகவேண்டாம்.

— போயிட்டுது. மைஸ்ரர் போன கிழமையே தன்ரை கையாலை கொண்டுபோய்க் குடுத்திட்டார். அவரின்ரை கையெழுத்தும் அதிலை கிடக்கு. இனி நான் பின்வாங்கினா அவருக்குத்தான் வெக்கம். அவருக்கு வெக்கம் வந்தா எனக்கு வேலை இல்லை. அதுசரி, உனக்கு ஏன் இப்பிடி வேர்க்குது? பொறாமையே?

— துவக்குக் கேக்கிற ஆளின்ரை பழைய பேப்பருகளையும் தோண்டுவாங்களோ எண்டு யோசிக்கிறன்.

— தோண்டட்டும். நான் அகதியாய் அசூல் கேட்ட விசாரணையிலை மொழிபெயர்த்தது நீதானே. துவக்கைத் தொட்டும் பாக்காத சைக்கிள் கடைக்காரன் எண்டு சத்தியம் பண்ணிச் சொன்னனான். நான் இந்த நாட்டிலை சொன்ன ஒரே உண்மை அதுதான். அதை நம்பித்தான் இருக்க விட்டவங்கள். நாளைக்குக் கேட்டாலும் அதையே சொல்லுவன்.

— அதைச் சொல்ல ஏலாது அண்ணை.

— ஏன்?

— சொன்னா, அண்டைக்குப் பொய் சொன்னதெண்டு பாஸ்போட்டிலை கை வைப்பாங்கள். சொல்லாட்டி, உங்களை வேறை மாதிரிப் பாப்பாங்கள்.

— எனக்கு விளங்கேல்லை. அண்டைக்கு நான் என்ன பொய் சொன்னனான்?

— நீங்கள் சொல்லேல்லை. உங்களுக்கு முன்னாலை போன மூண்டு பேரையும் மறுத்து எழுதினவங்கள், அதிலை ஒராள் தையல் கடை, ஒராள் பேக்கரி. நீங்கள் அழுதழுது சைக்கிள் கடை எண்டு சொன்னியள். எனக்கு மனம் கேக்கேல்லை அண்ணை. ஆமி வலைபோட்டுத் தேடுற ஆள், இயக்கத்திலை ரெண்டு வருசம் துவக்குப் பயிற்சி எடுத்தவர் எண்டு ஜேர்மனிலை சொன்னனான். கீழை கையெழுத்து வைச்சது நீங்கள்.