இரண்டு வரித் திருத்தம்

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் நகராட்சி அலுவலகத்தில் வாஃபிள் சுடுவோம். மாவு கரைப்பது என் பொறுப்பு. செய்முறை சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும். அதை முதலில் எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது, கேட்டதும் இல்லை. நன்றாக வருகிறது, அவ்வளவுதான். நீங்கள் என்னைப் பொறாமைக்காரன் என்று குறித்துக்கொள்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட நினைத்தேன்.

நகராட்சியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஃபியோர்டு எனும் கடல் இடுக்குகளின் கரையில் உள்ள எங்களைப் போன்ற ஊர்கள் பலவும் ஒரே மென்பொருளில் தளம் நடத்துகின்றன. ஓர் ஊரில் ஒருவர் நாட்காட்டியோ விண்ணப்பப் பக்கமோ செய்தால், அதைப் பொதுக் களஞ்சியத்தில் போட்டுவிடுவார். மற்ற ஊர்க்காரர்கள் எடுத்துத் தங்கள் தளத்தில் பொருத்திக்கொள்வார்கள். காசு கிடையாது. செய்தவர் பெயர் மேலே இருக்கும். குறை கண்டால் தெரிவிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் வழக்கம்.

எச்சரிக்கைப் பட்டையை முதலில் செய்து போட்டவன் நான். தளத்தின் உச்சியில் சிவப்பாக வரும், அவசரச் செய்தி காட்டும், மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் மறையும். பக்கத்து ஃபியோர்டில் இருக்கும் சுன்னிவா அதை எடுத்தாள். முழுவதையும் மாற்றி எழுதித் தன் பெயரில் போட்டாள். அடியில் சிறிய எழுத்தில் எனக்கு நன்றி இருந்தது. அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. அவளுடையது என்னுடையதைவிட அழகாகவும் இருந்தது.

அந்த வசந்தத்தில் பெர்கன் நகரில் நடந்த இணையதளக்காரர்கள் கூட்டத்தில் அவளை மேடைக்கு அழைத்துக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சாப்பாட்டு மேசையில் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஷெத்தில், உன்னோடதைப் பாத்துதான் எனக்கு யோசனையே வந்துது. ஆனா தொறந்து பாத்தா, பழைய படகுக் கொட்டகைதான் போ. எதைத் தொட்டாலும் தலைல விழுது."

மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இலையுதிர்காலத்தில் எங்கள் தலைவர் ஆர்ன்ஃபின், நம்முடையதைக் கழற்றிவிட்டு சுன்னிவாவின் பட்டையைப் போடச் சொன்னார். எல்லா ஊரிலும் அதுதான் இருக்கிறது என்றார். போட்டேன். சோதித்துப் பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. ஒருவர் பெருக்கல் குறியை அழுத்தினால், அவர் இந்தச் செய்தியை மூடினார் என்றல்லவா தளம் நினைவில் வைக்க வேண்டும். அவளுடையது, இவர் பட்டையை மூடினார் என்று வைத்தது. ஒரு முறை மூடியவருக்கு அதன்பின் எந்த எச்சரிக்கையும் தெரியாது. திருத்த இரண்டு வரி போதும். அன்றே எழுதிவிட்டேன். அனுப்பவில்லை. என் கணினியில் நீங்கள் எடுத்த கோப்பு அதுதான். அதில் உள்ள தேதி சரி.

நான் விரும்பியது சிறிய விஷயம். பள்ளி விடுமுறை அறிவிப்பு ஒன்று யார் கண்ணிலும் படாமல் போகும், ஒரு பெற்றோர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதுவார், சுன்னிவாவின் பெயர் அடிபடும். அப்போது நான் அமைதியாகத் திருத்தத்தை நீட்டுவேன். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

நவம்பரில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லிப் பட்டை போட்டோம். ஊரே படித்தது, ஊரே மூடியது. ஜனவரியில் நீச்சல் கூடத்துக்கு விடுமுறை என்று போட்டேன். யாரும் பார்க்கவில்லை, யாரும் புகாரும் சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பிப்ரவரியில் விடாமல் பனி கொட்டியது. பிறகு மேற்குக் காற்று. ஒரு மதியம் நிலவியல் நிபுணர் ஆர்ன்ஃபினை அழைத்து, பனிச்சரிவு வரக்கூடும் என்று ஸ்டோர்லியா சரிவின் கீழே உள்ள வீடுகளை உடனே காலி செய்யச் சொன்னார். வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டிய தீயணைப்பு வண்டி, சாலை அடைபட்டு மறுகரையில் நின்றது. ஆர்ன்ஃபின் வீட்டு உரிமையாளர்களின் கைப்பேசிகளுக்குச் செய்தி அனுப்பினார். என்னைப் பட்டை போடச் சொல்லி, என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அலுவலகக் கணினியில் நவம்பர்ப் பட்டையை யாரும் மூடியிருக்கவில்லை, அதனால் திரையில் சிவப்பாக வந்தது. திருப்தியோடு போனார். நவம்பரில் பட்டையை மூடியிருந்த என் கைப்பேசியில் தளத்தைத் திறந்தேன். பட்டை இல்லை. கணக்கு சரியாக வந்தால் ஒரு நிம்மதி வருமே, அதுதான் வந்தது.

அப்போது தூர்டிஸ் அழைத்தாள். முதியோர் இல்லத்தில் செவிலி. என் அப்பாவைக் கடைசிவரை கவனித்துக்கொண்டவள். ஸ்டோர்லியாவில் மகள் ஐரிலோடு வாடகைக்கு இருந்தாள். வீட்டுக்காரர் பெர்கனில் இருப்பவர். கைப்பேசிச் செய்தி அவருக்குத்தான் போயிருக்கிறது.

"ஷெத்தில், வீட்டை காலி பண்ணச் சொல்றாங்கன்னு கடைல பேசிக்கிட்டாங்க. சைட்டுல பாத்தேன், ஒண்ணையும் காணோம். எங்களையுமா?"

"சைட்டுல என்ன இருக்கோ அதான் நெலவரம்."

"அப்போ இருக்கலாம்ங்கிற?"

"உங்களுக்குன்னா சைட்டுல போட்டிருப்போமே."

அவள் மூச்சு விட்டது கேட்டது. "நல்லதாப் போச்சு. ஐரிலுக்குக் காய்ச்சல். இந்தக் காத்துல எங்க தூக்கிட்டுப் போறதுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

குழந்தைக்கு உடம்பு தேறட்டும் என்று சொல்லி வைத்தேன். நான் சொன்னதில் எது பொய் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமா என்றும் யோசித்தேன், இல்லாமல் இல்லை. ஆனால் நான் வாயால் சொல்லி அவள் கிளம்பிப் போயிருந்தால், பட்டை வேலை செய்ததாகத்தான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். சுன்னிவாவின் குறையை நான் மூடி மறைத்ததாக ஆகியிருக்கும்.

மற்ற வீடுகளில் இருந்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பனிச்சரிவு இறங்கியது.

ஊர்க்காரர்கள் நீளக் கம்பிகளைப் பனியில் குத்தித் தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதுகு சரியில்லை, அதனால் அலுவலகத்துக்குத் திரும்பி அந்த இரண்டு வரிகளைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பினேன். சுன்னிவா உடனே ஏற்றுக்கொண்டு எழுதினாள்.

"எவ்வளவு சுத்தமா எழுதியிருக்க, ஷெத்தில். இதை எப்படிப் பாக்காம விட்டேன்னே தெரியல. நல்ல வேளை, ஏதாவது நடக்கிறதுக்கு முன்னாடி புடிச்சுட்ட."

அவளுக்குச் செய்தி இன்னும் எட்டியிருக்கவில்லை. நான் அதைச் சொல்லவில்லை. நன்றி என்று மட்டும் பதில் போட்டேன். விடிந்த பிறகு இருவரையும் எடுத்தார்கள். குழந்தை தாயின் கம்பளிச் சட்டைக்குள் இருந்ததாகக் கேள்விப்பட்டேன்.

தூர்டிஸிடம் பேசியபோது அவள் வீடு சரிவுக்குக் கீழே இருப்பது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். நான் சொன்னால் அவள் கிளம்புவாள், சொல்லாவிட்டால் இருப்பாள் என்பதும் தெரியும். இருக்கட்டும் என்றுதான் விட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் திருத்தம் இப்போது இந்தக் கரையோரத்து ஊர்களில் எல்லாம் ஓடுகிறது. அடுத்த குளிர்காலத்தில் ஏதோ ஓர் ஊரில் ஒருத்தி கைப்பேசியைத் திறப்பாள், பட்டை தெரியும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அவளைக் காப்பாற்றியது நான். இத்தனை பேர் என்னிடம் வந்து பேசிவிட்டீர்கள், அதை இதுவரை ஒருவர்கூடச் சொல்லவில்லை.