உள்ளே ஒட்ட வேண்டிய வாக்கியம்

இருந்தவர்கள்: குளிரறை மெக்கானிக். அவனுடைய அண்ணி, அங்கே மீன்பெட்டி அடுக்குகிறவள், போன மாதம் அந்த அறைக்குள் மாட்டிக்கொண்டவள். கடைசியில் வந்தவர் சூப்பர்வைசர். மூவரும் குளிரறைக் கதவுக்கு வெளியே.

— இன்னொரு தடவை படி, கொழுந்தனாரே. ரயிலைப் பிடிக்கிற மாதிரி ஓடாம படி.

— "ஃபுல்லி ஃப்ரோசன், யூ மஸ்ட் புஷ் த நாப் ஹார்ட்."

— ஓகோ. நான் முழுசா விறைச்சுக் கட்டையான அப்புறம்தான் தள்ளணுமா?

— உறைஞ்சது கதவு உள்பக்கத்துக் குமிழ், அண்ணி. நீங்க இல்ல.

— நீ எழுதினதுல நான்தான் உறைஞ்சு கிடக்கேன். "ஃப்ரோசன்"னு சொல்லிட்டு ஒட்டினாப்ல "யூ"ன்னு வெச்சா, வேற யாரு உறைவா?

— படிக்கிறவனுக்குக் கொஞ்சம்கூடவா மூளை இருக்காது?

— அந்தக் குளிர்ல மூளைதான்டா முதல்ல போகும். எந்த வார்த்தை எதுக்குச் சொந்தமோ, அதுக்குப் பக்கத்துல உட்கார வை. பழைய போர்டு எழுதின மகராசனும் உன்னை மாதிரிதான்.

— "புஷ்ஷிங் த நாப் ஸ்லோலி ஓப்பன்ஸ் த டோர்."

— அதேதான். நட்டநடுவுல ஒரு "ஸ்லோலி". மாட்டிக்கிட்ட அன்னைக்கு, மெதுவாத் தள்ளச் சொல்றான்னு நினைச்சேன். கைக்குழந்தை முதுகைத் தட்டுற மாதிரி தள்ளிக்கிட்டே நின்னேன்.

— வெளிய பூட்டியிருந்தாலும் சரி, ஓங்கித் தள்ளினா கொக்கி விட்டுரும். கதவுதான் மெதுவாத் திறக்கும்.

— இப்ப சொல்லு. பேசாம தமிழ்ல எழுதித் தொலைச்சிருக்கலாம்ல?

— மதிய ஷிப்ட்ல பாதிப் பேருக்குத் தமிழ் வராது. எல்லாருக்கும் அரைகுறையாத் தெரிஞ்சது இங்கிலீஷ் ஒண்ணுதான். அது கிடக்கட்டும், அண்ணன் என்னமோ சொன்னாரு. வேலையை விடப் போறீங்களாமே?

— பின்ன? லேபிள் ஒட்டுற மேசையில எத்தனை நாள் என்னைச் சும்மா உட்கார வெப்பாங்க? உள்ள போகணும், இல்ல வீட்டுக்குப் போகணும். இந்தக் கதவைப் பார்த்தாலே கால் நகர மாட்டேங்குது.

— அண்ணி...

— இந்த மூஞ்சி எல்லாம் வேணாம். எழுதுற வேலையைப் பாரு.

— சரி, இது எப்படி? "புஷ் த நாப் ஹார்ட், ஈவன் இஃப் இட் இஸ் ஃப்ரோசன். த டோர் ஓப்பன்ஸ் ஸ்லோலி."

— ம். இதுல நான் உறையல.

— குமிழ்தான் உறையுது. தள்ளுறது ஓங்கி. திறக்கிறது மெதுவா.

— பரவாயில்லையே. பள்ளிக்கூடத்துல பாதியில ஓடி வந்தவன் மாதிரியா எழுதியிருக்கே? போ, சீக்கிரம் உள்ள ஒட்டிட்டு வா. சார் வர்றாரு.

— என்னப்பா, போர்டு ரெடியா? மதிய ஷிப்ட் வந்துருவாங்க.

— இப்பத்தான் உள்ள ஒட்டிட்டு வந்தேன், சார்.

— நம்ம வழக்கம் தெரியுமில்ல? படிக்கிற ஆள் உள்ள, எழுதின ஆள் வெளிய, போர்டை மட்டும் படிச்சு அவங்களே திறந்து வரணும். வெளிய நின்னு நீ ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாலும் போர்டைக் கிழிச்சுப் போட்டுருவேன். யாரை அனுப்புறே?

— புதுசா வர்ற ஆளுங்கள்ல ஒருத்தரைக் கேட்கலாம், சார்.

— நான் போறேன்.

— அண்ணி!

— நீயாம்மா? நீ இன்னைக்கோட நின்னுக்கிறதா உன் வீட்டுக்காரர் சொன்னாரே. அதுவும் இல்லாம, உனக்குத்தான் ஓங்கித் தள்ளணும்னு தெரியுமே. விஷயம் தெரிஞ்சவ போனா அது என்ன சோதனை?

— தெரிஞ்சது எதுவும் உள்ள கூட வராது, சார். அன்னைக்கு என் பேரே எனக்கு மறந்துபோச்சு. இவன்தான் வந்து கதவைப் பேர்த்தான், இவனையே யாருன்னு கேட்டேன். சுவத்துல எழுதியிருந்தது மட்டும்தான் அப்ப புரிஞ்சுது. அதைத்தான் செஞ்சேன்.

— வேணாம், அண்ணி. வேற ஆளைப் பார்த்துக்கலாம்.

— வேற ஆளுன்னா வேற யாரோ வீட்டுப் பொண்ணு. அவளை அனுப்ப உனக்குத் தைரியம் இருக்கு, என்னை அனுப்ப இல்லையா? அப்ப நீ எழுதினது சரியில்லைன்னு அர்த்தம்.

— சரியாத்தான் எழுதியிருக்கேன்.

— அப்ப வழி விடு.

— நாளைக்கு வராத உனக்கு இது எதுக்கும்மா?

— வருவேன், சார். இந்தக் கைதான் நாளைக்கும் அந்தக் குமிழைத் தள்ளப் போகுது. டேய், நான் உள்ள வந்துட்டேன். கதவைச் சாத்து.

— சாத்துறேன். பூட்ட வேணாம், அண்ணி. சும்மா சாத்தியே வைக்கிறேனே.

— பூட்டுடா.

— பூட்டிட்டேன். சார், சாவியை நீங்க வாங்கிக்குங்க. என் கையில இருந்தா திறந்துருவேன்.