எல்லாக் கட்டத்திலும் இல்லை

என் கையெழுத்து நன்றாக இருக்கும், சார். திருநகரில் எங்கள் தெருவில் யார் வீட்டில் வரன் தேடினாலும், ஜாதகத்தோடு அனுப்பும் குடும்ப விவரத்தை எழுத என்னிடம்தான் வருவார்கள். சர்க்கரை, வலிப்பு, காசம் எதுவும் அதில் இடம்பெறாது. அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை.

அதனால்தான் ஆஸ்பத்திரியில் கொடுத்த ஃபாரத்தைத் தம்பி அசோக்குமார் என்னிடம் நீட்டினான். "நீங்களே எழுதுங்கண்ணே. என் எழுத்து எனக்கே வெளங்காது."

ஃபாரம் அவன் மகள் ரோகிணிக்கு. பதினாறு வயது, நூற்று முப்பத்திரண்டு கிலோ. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். பள்ளியில் அவள் வகுப்பு இரண்டாவது மாடி. ஏறி முடிப்பதற்குள் முதல் பீரியட் பாதி போய்விடும். ஒன்றரை வருடம் பத்தியமும் மருந்தும் பலிக்காததால், இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். அவளுக்கு ஏக சந்தோஷம்.

"வெட்டி எடுக்கிறத என்ன செய்வாக பெரியப்பா? ஒங்களுக்கு வச்சுத் தைக்கச் சொல்லவா? எம்புட்டுத் தின்னாலும் ஒங்களுக்கு ஒட்ட மாட்டேங்குதே."

வீட்டில் என்னைக் கேலி செய்யும் துணிச்சல் அவளுக்கு மட்டும்தான் உண்டு. அவள் மேல் எனக்கிருந்த பிரியத்தை நீங்கள் சந்தேகப்பட வேண்டாம்.

ஃபாரத்தில் ஒரு கேள்வி. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் பாதிப்பு ஏற்பட்டதுண்டா?

எனக்கும் அசோக்குமாருக்கும் நடுவில் பிறந்தவன் நல்லகாமன். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன், மேலூர்ப் பக்கம் மஞ்சுவிரட்டில் மாடு குத்தி இறந்தான். ஊர் அப்படித்தான் அறியும். அன்று சின்னப் பையனாக இருந்த அசோக்குமாரும் அப்படித்தான் அறிவான். உண்மையில் நல்லகாமன் இறந்தது குடலிறக்க ஆபரேஷனில். இருபது வயது ஆண்பிள்ளை வேட்டிக்குள் வீக்கத்தோடு போய்ப் படுத்துச் செத்தான் என்று சொல்ல முடியுமா? அடிவயிற்றில் தையல் இருந்தது. கொம்பு பட்ட இடம் என்றேன். மறுத்துப் பேச மாட்டுக்கு வாய் இல்லை.

மயக்க மருந்து ஏறியதும் அவன் உடம்பு அனலாய்க் கொதித்து விறைத்துவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். "இது ரத்த வழியா வர்றது. இனி உங்க வீட்ல யாருக்கு ஆபரேஷன்னாலும் மொதல்ல இதச் சொல்லிருங்க."

ஃபாரத்தை வாங்க நின்றவள் நர்ஸ் தங்கப்பொண்ணு. சோழவந்தான்காரி. என் மகன் அழகுராஜாவுக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் சொந்தச் சித்தி. ரத்த வழி என்று ஒரு வார்த்தை எழுதினால் பொழுது சாய்வதற்குள் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால் பூராவும் தெரிந்துவிடும். எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதினேன்.

அவள் வாசித்துப் பார்த்தாள். "ஒரு சீக்குகூடக் கெடையாதாண்ணே? எங்க புள்ள கொடுத்து வச்சவ."

ஆபரேஷன் தொடங்கி அரை மணி நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் வெளியே ஓடி வந்தார். அசோக்குமார் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான்.

"புள்ளைக்கு உடம்பு கொதிக்குதுங்க. கிருமியா, மயக்க மருந்தான்னு தெரியணும். மயக்க மருந்துன்னா அதுக்கு மாத்து மருந்து வெளியேருந்து உடனே வரவழைக்கணும். உங்க குடும்பத்துல யாருக்காச்சும் இப்படி ஆயிருக்கா?"

தங்கப்பொண்ணு என் பக்கத்தில்தான் நின்றாள்.

"அப்படியெல்லாம் எங்க வம்சத்துலயே கிடையாதுங்க" என்றேன்.

ரோகிணி அதற்குப் பிறகு ஐம்பது நிமிடம் உயிரோடு இருந்தாள். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லத் தாராளமான நேரம். சொல்லத்தான் இருந்தேன். தங்கப்பொண்ணு சாப்பிடப் போகட்டும் என்று காத்திருந்தேன். அவளோ என் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மணி ஒன்றரை ஆகியும் நகரவில்லை. அவள் நேரத்துக்குச் சாப்பிடப் போயிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.